இடது கைக்கு இலேசாக

அத்தியாயம் பதினான்கு

மழை பெய்துகொண்டிருந்தது. பாலத்து ஏற்றத்தின் நடுவில், முழுச் சத்தத்தோடு இரைந்தும் ஓர் அடிகூட நகராத மோட்டார் சைக்கிளோடு வலன்ரைனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வண்டிப் பெட்டிக்குள் இருந்த இரத்த மாதிரிக் குப்பிகளை இன்னொரு சாரதி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டிய இரத்தம் காத்திருக்காது. வலன்ரைன் மட்டும் தெருவோரத்தில் நின்றார். கீழே ரயில்கள் கார் து நோர் நிலையத்தின் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தன. பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்துவிட்டு விலகிப் போனார்கள்.

தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் வண்டி திருத்துகிற கறாஜ் ஒன்றுதான் இருந்தது. இன்று அவர் எந்த இடத்துக்குப் போகவே கூடாது என்று நினைத்தாரோ, அதே இடம். அவருடைய மகள் துஷ்யந்தி வேலை செய்கிற கறாஜ்.

வேறு வழியில்லை. தள்ளத் தொடங்கினார்.

கறாஜ் பரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில், மேலே மெத்ரோ ஓடுகிற இரும்புப் பாலத்துக்கு எதிரே இருந்தது. துஷ்யந்தி ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நனைந்தபடி நின்ற ஆளை முதலில் யாரோ வாடிக்கையாளர் என்றுதான் நினைத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றியபோதுதான் முகம் தெரிந்தது.

“அப்பா!”

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இன்றுதான் அவரைப் பார்க்கிறாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் திருத்தப் போனவளை அம்மா இம்மாகுலேற் விருந்தினர் முன்னால் வைத்துக் கேட்ட கேள்விகள், துஷ்யந்தி கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தது, புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருந்த வீட்டை விட்டு இந்தப் பக்கத்திலேயே சின்ன அறை ஒன்றில் குடியேறியது. அந்தச் சண்டையில் அப்பா எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆனால் வேலை பழகிய மகளின் கையில் தன் வண்டியை முதன்முதலாகத் தந்தவர் அவர்தான். தவக்காலத்தில் அதற்குப் புதுக் கிளச் போட்டவளும் அவள்தான்.

“என்ன செய்யுது?”

“இரையுது. போகுதில்லை.”

“எப்ப இருந்து?”

“இண்டைக்குத்தான், பிள்ளை.”

அவள் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். கருகிய மணம் வந்தது. ஒரு நாளில் வருகிற மணம் அல்ல அது. அப்பா ஏன் பொய் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். நனைந்து, களைத்து வந்த மனிதரிடம் இப்போது கேட்பானேன் என்று விட்டுவிட்டாள்.

வண்டியில் ஏறி எஞ்சினை இயக்கினாள். முன் பிரேக்கை இறுகப் பிடித்தபடி மூன்றாவது கியரில் போட்டு, இடதுகைக் கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கிளச் நல்லதாக இருந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட வேண்டும்.

நிற்கவில்லை. கையை முழுதாக விட்ட பிறகும், ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

“கிளச் முடிஞ்சுது,” என்றாள்.

வலன்ரைன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறாஜுக்குள் வந்து இவ்வளவு நேரமாகியும் கையில் போட்டிருந்த ஈரக் கிளவுஸை அவர் கழற்றவில்லை.

எண்ணெயை வடித்து, பக்க மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிடிப்புள்ள பிளேட்டுகள் தேய்ந்து கறுத்துப் போயிருந்தன. நடுவில் வருகிற இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. பல வருடம் ஓடிய வண்டியில் இப்படிப் பார்த்திருக்கிறாள். தான் பூட்டி மூன்று மாதம்கூட ஆகாத பிளேட்டுகளில் பார்த்ததில்லை.

முதலாளி ழான்-மார்க் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

“இது நீ மாற்றியதுதானே?”

“ஆம்.”

“எண்ணெய் சரியான எண்ணெய்தானா?”

“ஆம்.”

“பிறகு எப்படி இப்படி?”

துஷ்யந்தி நீலம் பாய்ந்த தட்டு ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டினாள். அப்போதுதான் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. மகளோடு எப்போதும் தமிழில் மட்டும் பேசுகிறவர், ழான்-மார்க்குக்கு விளங்க வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார்.

“அவள்தான் பிழையாகப் போட்டிருப்பாள். இன்னும் பழகவில்லை. நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், மிசியூ.”

துஷ்யந்தி திரும்பிப் பார்த்தாள். அம்மா சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அம்மாவிடம் வாங்கி வாங்கிப் பழகிவிட்டது. இது அப்பா.

ழான்-மார்க் அவள் தோளில் தட்டினார். “புதுப் பிளேட் போட்டுக் கொடு. இந்த முறை முடித்த பிறகு என்னைக் கூப்பிடு, நான் பார்க்கிறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அதிகம் வதைத்தது. வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில், முடித்த வேலையை வந்து பார்க்கிறேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

அப்பா பின்பக்க முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவள் தன் பிழையைத் தேடத் தொடங்கினாள். வில்சுருள்கள் சரி. பிளேட்டுகளை அடுக்கிய ஒழுங்கும் சரி. கடைசியாகக் கேபிளைப் பார்த்தாள். கைப்பிடி அருகில் கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்னத் திருகி உண்டு, விரலாலேயே திருப்பலாம். அது கடைசிப் புரிவரை வெளியே வந்திருந்தது. எஞ்சின் பக்கத்தில் இருந்த மற்றத் திருகியும் அப்படியே.

அவள் அப்படி வைக்கவில்லை. கிளச் பிடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் லூசு, அதாவது தளர்வு, இருக்க வேண்டும் என்று, தானே பிடித்துப் பார்த்து வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது லூசு என்று ஒன்றுமே இல்லை. கேபிள் எந்நேரமும் இழுபட்டபடியே இருந்திருக்கிறது. கிளச்சைப் பாதி பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஓடியதற்குச் சமம். எந்தப் பிளேட் தாங்கும்?

பிழை தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் முதலில் ஓர் ஆறுதல் வந்தது. உடனேயே அடுத்த கேள்வியும் வந்தது. யார் திருகியது? இந்த வண்டியை அப்பாவைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. சொந்த ஊரான பேசாலையில் இளம் வயதில் தொடங்கி, பரிஸில் இத்தனை வருடமாக ஓட்டுகிறவருக்கு இது கிளச்சைத் தின்றுவிடும் என்று தெரியாதா?

ஒருவன் ஏன் அப்படித் திருகுவான்?

கொஞ்சம் இழுத்தாலே போதும் என்றிருக்க. கிளச் பிடி இலேசாக இருக்க.

அவள் கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

மழை விட்டிருந்தது. அப்பா பழைய ரயர்களின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, கிளவுஸைக் கழட்டுங்கோ.”

“ஏன்? குளிருது.”

“ஆனி மாசத்திலை என்ன குளிர்? கழட்டுங்கோ.”

“பிளேட்டைப் போட்டாச்சோ? எனக்குப் பின்னேரம் வேலை இருக்கு, பிள்ளை.”

அவள் கேட்கவில்லை. குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த இழுவையில் பலமே இருக்கவில்லை. சின்னப் பிள்ளையின் கைபோலத் தன் பிடிக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது. கிளவுஸை உருவினாள்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்க வேண்டிய சதை இல்லை. அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புறங்கையில் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று தன்பாட்டில் துடித்து அடங்கியது. மறுபடி துடித்தது.

“நோகுதோ?”

“இல்லை. நொந்தாலாவது பறவாயில்லை எண்டு இருக்கு.”

“டொக்ரரிட்டைப் போனீங்களோ?”

“போனனான்.”

“என்ன சொன்னவர்?”

“நரம்புக்கை ஊசி விட்டுப் பாத்தவை. படம் எடுத்தவை. பிறகு ஒரு அறைக்குள்ளை இருத்தி, கதவைச் சாத்திப்போட்டுப் பேரைச் சொன்னவை.”

“என்ன பேர், அப்பா?”

அவர் பிரெஞ்சில் சொன்னார், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகிற ஒரு நோயின் பெயரை. பிரான்சில் வளர்ந்தவர்கள் எல்லோரும் எங்காவது ஒரு தடவை கேள்விப்பட்ட பெயர்தான் அது. கேள்விப்பட்டு, நமக்கு இல்லை என்று மறந்துவிடுகிற பெயர்.

துஷ்யந்தி அவருக்கு எதிரே ஈர நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மருந்து இருக்குத்தானே?”

“மெதுவாக்கிற குளிசை ஒண்டு தந்தவை. நிப்பாட்டிற மருந்து இல்லையாம்.”

“கையோடை நிக்குமோ?”

வலன்ரைன் இல்லை என்று தலையை ஆட்டினார். “மற்றக் கை. பிறகு கால். பிறகு சாப்பாடு விழுங்கிறது. கடைசியா மூச்சு.” அடுத்து வரும் நிலையங்களைச் சொல்வதுபோல அவர் சொன்ன விதத்தில், இதைத் தனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. “தமிழிலை இதுக்கு என்ன பேர் எண்டு யோசிச்சுப் பாத்தன். அம்மாவுக்குச் சொல்ல வேணும் எண்டால் ஏதாவது ஒரு சொல்லு வேணுமே. எனக்குத் தெரியேல்லை.”

“அம்மாவுக்குத் தெரியாதோ?”

“தெரியாது. நான் விடிய முதல் போறன். அவ கடை பூட்டி வாற நேரம் நான் படுத்திடுவன். கிளவுஸ் இருக்கு, சட்டைக் கை இருக்கு.” இடது கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். “தேவாலயத்திலை கிற்றார் வாசிக்கிறதை விட்டதுக்கு, பாடற்குழுவோடை கொழுவல் எண்டு சொன்னனான். நம்பிட்டா. எனக்கு ஏசிப்போட்டு விட்டிட்டா.”

மகளுக்கு அழுகை வரவில்லை. ஒரு கோபம்தான் வந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத கோபம்.

“அதுக்காண்டித்தான் என்னைப் பிழை சொன்னீங்களோ? ழான்-மார்க்குக்கு முன்னாலை?”

“ஓம்.”

“ஏனப்பா?”

“உனக்குக் கோவம் வந்தால் என்னோடை கதைக்க மாட்டாய். பிளேட்டை மாத்தித் தள்ளிவிட்டிடுவாய், கேபிளைப் பாக்க மாட்டாய் எண்டு நினைச்சன்.”

“நான் பாப்பன், அப்பா. அதுதானே என்ரை வேலை.”

“ஓம்,” என்றார் அவர். “அதை யோசிக்கேல்லை.”

மேலே மெத்ரோ ஒன்று பாலத்தைக் குலுக்கிக்கொண்டு போனது. 

“துஷி, நான் ஒண்டு கேப்பன். செய்வியோ?”

அவளுக்கு அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்திருந்தது.

“புதுப் பிளேட்டைப் போட்டிட்டு, கேபிளை முந்தின மாதிரியே இறுக்கி விடு. லேசா இருக்கட்டும். ஆவணி வரைக்கும் ஓடினால் காணும். மடு மாதா திருநாளுக்கு ஊருக்குப் போக அம்மாவும் நானும் ரிக்கெற் போட்டிருக்கு. கலியாணம் முடிச்சு இஞ்சை வந்தாப்பிறகு அவ ஒருக்காலும் போகேல்லை. நேத்தியை நிறைவேற்ற வேணும் எண்டு எத்தினை வரியமாச் சொல்லுறா. அவ சந்தோசமாப் போயிற்று வரட்டும். வந்தாப்பிறகு நானே சொல்லுவன்.”

“மடுவுக்குப் போறதுக்கு மோட்டச்சைக்கிள் என்னத்துக்கு? வேலையை விடுங்கோ. லீவு போடுங்கோ.”

“வேலையை விட்டால் ஏன் எண்டு கேப்பா. அவவுக்குப் பொய் சொல்ல எனக்கு இனிப் பொய் இல்லைப் பிள்ளை. எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டன்.”

“தெருவிலை ஆரையும் இடிச்சால்?”

 அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். அவர் பார்வையை விலக்கினார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

“என்ன நடந்தது, அப்பா?”

“ஒண்டும் நடக்கேல்லை.”

“சொல்லுங்கோ.”

“போன கிழமை, சிவப்பு விளக்கிலை நிண்டனான். கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை விரல் விட்டுப்போட்டுது. மோட்டச்சைக்கிள் பாய்ஞ்சு ஆக்கள் கடக்கிற கோட்டுக்கு மேலை போய் நிண்டுது. ஒரு பொம்பிளை குழந்தையை வண்டிலிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு அப்பதான் அந்தப் பக்கம் ஏறினவ. திரும்பிப் பாத்துப் பேசினா. நான் பார்தோன், பார்தோன் எண்டன்.” அவர் குரல் தளர்ந்தது. “அண்டைக்கு இரவு திருகியை இன்னும் கொஞ்சம் திருகினனான்.”

துஷ்யந்தி எழுந்தாள்.

“நான் பிளேட் போடுறன். கேபிளை எப்பிடி வைக்க வேணுமோ அப்பிடித்தான் வைப்பன். நீங்கள் ஏறி இருந்து, கிளச்சை முழுக்க இழுத்துக் காட்டுங்கோ. காட்டினால் வண்டித் திறப்பைத் தாறன். பிறகு நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்.”

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள். முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வலன்ரைனின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. “ஓம், பாப்பம்” என்று எழுந்து அவளுக்குப் பின்னால் வந்தார்.

புதுப் பிளேட்டுகளை எண்ணெயில் தோய்த்து அடுக்கினாள். மூடியைப் பூட்டினாள். இரண்டு திருகிகளையும் உள்ளே திருப்பி, கிளச் பிடியில் சரியான லூசு வரும்வரை பார்த்துப் பார்த்து வைத்தாள். எஞ்சினை ஓட விடவே இல்லை. மதிய நேரம். ழான்-மார்க் சாப்பிடப் போய்விட்டார். கறாஜில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

“ஏறுங்கோ.”

வலன்ரைன் மற்றக் கிளவுஸையும் கழற்றிவிட்டு ஏறினார். இடது கையைக் கைப்பிடியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகக் கிளச் பிடியின் மேல் போட்டார். சின்னவிரலுக்கு மட்டும் வலது கையால் உதவி செய்ய வேண்டியிருந்தது.

இழுத்தார்.

கிளச் பிடி பாதி தூரம் வந்தது. அங்கே நின்றது. கை நடுங்கியது, தோளும் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பிடி வரவில்லை. விட்டுவிட்டு மூச்சு எடுத்தார்.

மறுபடி இழுத்தார். இந்த முறை பாதிகூட வரவில்லை.

“பொறு, பொறு,” என்றார், யாரும் ஒன்றும் சொல்லாமலே. உடம்பைச் சரித்து, முழங்கையை மடக்கி வேறொரு விதமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு வலது கையையும் குறுக்கே கொண்டுவந்து இரண்டு கையாலும் இழுத்தார். பிடி முழுதாக வந்தது. அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு கையாலை ஓட ஏலாது, அப்பா.”

“தெரியும்.”

ஆனாலும் கையை எடுக்கவில்லை. மறுபடி ஒற்றைக் கையால் முயன்றார். விரல்கள் வழுக்கி விழுந்தன. எடுத்து வைத்தார். மறுபடி வழுக்கின. துஷ்யந்திக்குப் ‘போதும்’ என்று கத்த வேண்டும் போலிருந்தது.  நிறுத்தச் சொல்வதற்குத் தனக்கு என்ன உரிமை என்று நின்றாள்.

கடைசியில் அவரே நிறுத்தினார். வேகமுள் சுழியத்தில் நிற்பதைப் பார்த்தபடி சீற்றில் இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. கண்ணீர் வருவது அவருக்குத் தெரிந்ததா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

“இறங்க ஒருக்காப் பிடி, பிள்ளை,” என்றார்.

அவரைப் பிடித்து இறக்கிய அதே நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

“என்ன, இன்னும் முடியேல்லையோ?”

இம்மாகுலேற் நின்றாள். பக்கத்திலே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் புடவைக் கடை ஒன்றில் வேலை செய்பவள் அவள். இரத்தம் வாங்கிப் போன சாரதியின் மனைவி கடைக்கு வந்த இடத்தில் விசயம் தெரிந்து, மதிய இடைவெளிக்குள் சோற்றுப் பெட்டியோடு ஓடி வந்திருந்தாள். மகளின் வேலையிடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை. கறுத்த தரையையும் சுவரில் தொங்கிய திருகுசாவிகளையும் மகளின் எண்ணெய் படிந்த உடுப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

வலன்ரைன் முதுகைத் திருப்பிக்கொண்டு கிளவுஸைத் தேடினார். இடது கைக்குப் போட வலது கை இருந்தது. வலது கைக்குப் போட, பல்லால் கடித்து இழுத்தார். இம்மாகுலேற் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய கண் மகளில் இருந்தது.

“அவருக்குப் பின்னேரம் வேலை. திறப்பைக் குடு.”

“குடுக்க ஏலாது, அம்மா.”

“ஏன்?”

அப்பா திரும்பவில்லை. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அவளிடம் கேட்பது என்னவென்று துஷ்யந்திக்கு விளங்கியது. வண்டியை அவரிடம் கொடுக்கவும் முடியாது. கொடுக்காததற்குக் காரணம் சொல்லவும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதில்தான்.

“நான் போன முறை பிழையாப் பூட்டிப்போட்டன். அதாலை எஞ்சினுக்கை வேறை சாமானும் பழுதாப் போச்சு. இது இனி ஓடாது.”

இம்மாகுலேற் வண்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உன்னாலையோ?”

“ஓம்.”

“சொந்தத் தேப்பன்ரை மோட்டச்சைக்கிள்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான் உன்னோடை ஏன் சண்டை பிடிச்சனான் எண்டு இப்ப விளங்குதோ? ஊர் கதைக்கும் எண்டு இல்லை. உனக்கு இது வராது எண்டு எனக்குத் தெரியும். இந்த மனிசன்தான் வரும் வரும் எண்டு உன்னை நம்பினது. நல்ல கைம்மாறு செய்திருக்கிறாய்.”

துஷ்யந்தி அப்பாவைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். ‘அவளை விடு’ என்ற ஒரு சொல். வலன்ரைன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நிலத்தைப் பார்த்தபடி வாசலுக்கு நடந்தார்.

“வாங்கோ,” என்று இம்மாகுலேற் சோற்றுப் பெட்டியை அவருடைய வலது கையில் திணித்தாள். “ரெயினிலை வீட்டை போவம். நான் கடைக்குச் சொல்லிப்போட்டு வாறன். ஈர உடுப்போடை நிக்கிறியள்.”

இரண்டு பேரும் மெத்ரோப் பாலத்தின் கீழே நடந்து போனார்கள். துஷ்யந்தி வாசலில் நின்று பார்த்தாள். அப்பா திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். திரும்பவில்லை.

ழான்-மார்க் வந்ததும், “முடிந்ததா? பார்க்கட்டுமா?” என்று கேட்டார்.

“முடிந்தது. ஆனால் இந்த வண்டி இங்கேயே நிற்கட்டும்,” என்றாள்.

“பிழை எங்கே என்று கண்டுபிடித்தாயா?”

சொல்லியிருக்கலாம். கேபிளைக் காட்டி, நடந்ததைச் சொல்லித் தன் வேலையின் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கு அந்த நோயின் பெயரைப் பிரெஞ்சில் சத்தமாகச் சொல்ல வேண்டும். முற்றத்தில் அப்பா சொன்னது இன்னும் ஒரு கனவு மாதிரித்தான் இருந்தது. தன் வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும்.

“என்னுடைய பிழைதான்,” என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அலுவலக அறைக்குள் போனார். அந்தத் தலையாட்டலில் கோபம் இல்லை. ஏமாற்றம் இருந்தது.

அவள் வண்டியருகே உட்கார்ந்து, கிளச் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி முழுதாக உருவி எடுத்தாள். வேறு சாவியோடு யார் வந்தாலும் இனி இதை எடுத்துக்கொண்டு போக முடியாது. கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்போது கைபேசி அடித்தது. திரையில் அம்மாவின் பெயர்.

எடுப்பதா என்று யோசித்தாள். இன்னும் ஏச்சு மிச்சம் இருக்கும். எடுத்தாள்.

“துஷி.”

ஏசும் குரல் அல்ல. மிகவும் தணிந்த குரல். பின்னால் கார் து நோரின் கீழ்த்தள இரைச்சல் கேட்டது.

“சொல்லுங்கோ, அம்மா.”

“அப்பா அங்காலை கதிரையிலை இருக்கிறார். அவருக்குக் கேக்காது. நான் சொல்லுறதைக் கேள்.” அம்மாவின் மூச்சு இரைத்தது. “கேற்றடியிலை ரெயின் அட்டையை விழுத்திப்போட்டார். மற்றக் கையிலை சோத்துப் பெட்டி. இடக்கையாலை குனிஞ்சு எடுக்கப் பாத்தார். விரல் பிடிக்குதில்லை, துஷி. நிலத்தைச் சுரண்டுறார், சுரண்டுறார், அட்டை வருகுதில்லை. பின்னாலை சனம் கத்துது. நான்தான் எடுத்துக் குடுத்தனான். கிளவுஸ் வழுக்குது எண்டு சிரிக்கிறார்.”

துஷ்யந்தி சுவரில் சாய்ந்தாள்.

“மோட்டச்சைக்கிள் உன்னாலை பழுதாகேல்லை. என்ன?”

வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லவும் முடியாது. அவள் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பா கேட்டார். அவள் பொய் சொன்னாள். அவ்வளவுதான். நடைமேடையில் கார்ஜ் போகும் ரயிலின் அறிவிப்பு கேட்டது. அம்மா அறிவிப்பு முடியும்வரை பொறுத்திருந்து மறுபடி கேட்டாள்.

“சொல்லு பிள்ளை.”

“இல்லை, அம்மா. என்னாலை இல்லை.”

 அம்மா அழுகிறாளோ என்று கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அழவில்லை.

“நான் உனக்குச் சொன்ன கதையெல்லாம்...” என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை. “சரி. அவர் மறைக்கிறார் எண்டால் ஏதோ நினைச்சுத்தான் மறைக்கிறார். நான் கண்டதாக் காட்ட மாட்டன். நீயும் காட்டாதை. விளங்குதோ?”

“அம்மா...”

“ரெயின் வந்திட்டுது. எழும்புறார். நான் போய்ப் பிடிக்க வேணும், பிடிக்கிற மாதிரித் தெரியாமல் பிடிக்க வேணும்.” குரல் முதன்முறையாக உடைந்தது. “இரவைக்கு வீட்டை வா. சாப்பாடு எடுத்து வைக்கிறன்.”

தொடர்பு அறுந்தது.

துஷ்யந்தி கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். என்ன நோய் என்று அம்மா கேட்கவேயில்லை. இரவு கேட்பாள்.